கலாநிதிப் பட்டமும் காலத் திட்டமும்

கல்லூரி அன்னை தன் யூபிலி விழாவைக் கொண்டாடும் இந்நன்னாளில், பழைய மாணவர் தத்தம் துறையிற் கண்டவற்றைப் பின்வருவோர்க்கு எடுத்துரைத்தல் மரபு. எமக்கு வாய்த்த துறை, மூளையையும் நரம்புகளையும் ஆராயும் நரம்பறிவியல். அதன் நுட்பங்களை இங்கே விரித்துரைத்தால் வாசிப்போர் பொறுமை இழப்பர். ஆதலின், அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் அத்துறையிற் கலாநிதிப் பட்டத்துக்குப் பயின்ற ஆண்டுகளை எவ்வாறு வகுத்துக்கொண்டோம் என்பதை மாத்திரம் சொல்லுகின்றோம். இன்று உயர்தர வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவரேனும் நாளை அவ்வழி செல்வர் என்னும் நம்பிக்கையே எம்மை எழுதத் தூண்டியது.

எமது பாடசாலைகளிற் பயின்றோர் பரீட்சைக்கு அஞ்சார். பாடத்திட்டம் இது, பரீட்சை நாள் இது, பழைய வினாத்தாள்கள் இவை என்று கையிற் கொடுத்துவிட்டால் இரவு பகலாகப் படித்து வெற்றி காண்பர். கலாநிதிப் பட்டத்துக்கான படிப்போ வேறு வகையானது. பாடங்களும் பரீட்சைகளும் முதல் ஈராண்டுகளோடு பெரும்பாலும் ஒழிந்துவிடும். எஞ்சிய மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பாடத்திட்டமும் இல்லை, மணியடிப்பாரும் இல்லை. அவ்வாண்டுகளை எவ்வாறு கழிப்பது என்பதை மாணவனே வகுத்துக்கொள்ளல் வேண்டும். நன்றாகப் பரீட்சை எழுதுவோர் பலர் இடறி விழுவது இவ்விடத்திலேதான்.

அங்குள்ள ஒழுங்கைச் சுருங்கச் சொல்வோம். முதலாம் ஆண்டில் நரம்புக்கலத்தின் இயல்பு, மூளையின் அமைப்பு, புலன்களும் அசைவும், புள்ளிவிபரவியல் முதலான அடிப்படைப் பாடங்கள் நடைபெறும். அவற்றோடு மாணவன் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து வாரம் பணிபுரிந்து, ஆண்டிறுதியில் ஒரு மேற்பார்வையாளரைத் தெரிந்துகொள்வான். இரண்டாம் ஆண்டில் தகுதிகாண் பரீட்சை: ஆய்வு முன்மொழிவொன்றை எழுதிப் பேராசிரியர் சிலர் முன்னிலையில் அதனை நிலைநாட்டல் வேண்டும். அதன்பின் நால்வர் அல்லது ஐவர் கொண்ட ஆய்வுக் குழு ஆண்டுதோறும் கூடி முன்னேற்றத்தைப் பார்வையிடும். ஈற்றில் ஆய்வேடும் வாய்மொழிப் பரீட்சையும். இவை யாவும் நிறைவேற ஐந்து அல்லது ஆறு ஆண்டு செல்லும்.

மேற்பார்வையாளரைத் தெரியும்போது அவரது புகழை மாத்திரம் நோக்குதல் போதாது. அவரிடம் முன்னர் பயின்றோர் எத்தனை ஆண்டில் வெளியேறினர், ஆய்வுக்கான பணம் இன்னும் எத்தனை ஆண்டுக்கு உண்டு என்பனவற்றைக் கேட்டறிதல் வேண்டும். அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கலாநிதி மாணவர்க்கு வழங்கும் புலமைப்பரிசில்களுட் பல, குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை உடையோர்க்கே உரியன. எம்மவர்க்கு அவ்வழி அடைபட்டிருத்தலின், இக்கேள்வியைக் கேட்க நாணுதல் ஆகாது.

இனிப் பாடத் தெரிவு. உயர்தரத்தில் உயிரியற் பிரிவிற் பயின்ற எமக்கு இணைந்த கணிதம் வாய்க்கவில்லை. நரம்பறிவியலோ கணிதத்தை விட்டு விலகி நில்லாது. ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர், கணவாயின் பருத்த நரம்பிழையில் மின்கணத்தாக்கம் எவ்வாறு எழுகின்றது என்பதை 1952இல் நான்கு வகையீட்டுச் சமன்பாடுகளால் விளக்கினர். அவர்க்கு 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. அச்சமன்பாடுகளைக் கண்டு அஞ்சுபவன் நரம்பைப் பற்றிப் பிறர் சொல்வதை நம்பலாமேயன்றித் தானாக ஆராய்தல் அரிது. ஆதலின், விருப்பப் பாடங்களுக்கு விடப்பட்ட இடத்தைக் கணிதத்துக்கும் கணினி நிரலாக்கத்துக்குமே ஒதுக்கினோம். எமக்கு முன்னரே தெரிந்த உயிரியலை மீண்டும் படித்து உயர்ந்த புள்ளி பெறுவது எளிதாயிருந்தும் அதனை நாடவில்லை. நாம் விடைகாண விரும்பிய வினாவுக்கு எவ்வறிவு குறைகின்றதோ அதனை நிரப்பும் பாடமே எமக்கு வேண்டியிருந்தது.

மேற்சொன்ன அறிஞர் வரலாற்றிற் காலத்தைப் பற்றியும் ஒரு பாடமுண்டு. அவர்கள் பிளிமத் நகரத்துக் கடலுயிர் ஆய்வுகூடத்தில் அப்பரிசோதனைகளின் பெரும்பகுதியை 1949ஆம் ஆண்டுக் கோடையிற் செய்து முடித்தனர். பெற்ற பதிவுகளை ஆராய்ந்து, கையாற் சுழற்றும் பொறியிற் கணக்கிட்டு, எழுதி வெளியிடுவதற்கோ மேலும் ஈராண்டுக்கு மேற் சென்றது. பரிசோதனை முடிந்தால் வேலை முடிந்தது என எண்ணும் இளைஞர் இதனை மறத்தலாகாது.

உயிர்களை வைத்து ஆராய்வோர்க்கு இன்னுமொரு தடையுண்டு. சுண்டெலி கருவுற்று ஈன ஏறத்தாழ மூன்று வாரம். அக்குட்டி இனம்பெருக்கும் பருவம் எய்த மேலும் ஆறு முதல் எட்டு வாரம். இருவேறு குலத்து எலிகளைக் கலந்து வேண்டிய இயல்புகளை ஒன்றிற் சேர்ப்பதற்கு மூன்று தலைமுறை தேவைப்படின் ஏழெட்டு மாதம் கழிந்துவிடும். எவ்வளவு விரைவாகப் படிப்பவனும் எலியை விரைவுபடுத்த இயலாது.

புரட்டாதியில் விதைக்கும் எமது கமக்காரன் தையில் வரும் அரிவு வெட்டை மனத்திற்கொண்டே விதைக்கின்றான். நாமும் அவ்வாறே முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டோம். ஐந்தாம் ஆண்டிறுதியில் வாய்மொழிப் பரீட்சை எனின், ஆய்வேடு எழுத ஆறு மாதம் வேண்டும். ஆகவே அவ்வாண்டின் நடுவிற் பரிசோதனைகள் நின்றுவிடல் வேண்டும். கட்டுரையொன்றைச் சஞ்சிகை ஏற்று வெளியிட ஓராண்டும் செல்லலாம். ஆகவே நான்காம் ஆண்டின் நடுவில் அதனை அனுப்புதல் வேண்டும். அதற்குரிய பரிசோதனை மூன்றாம் ஆண்டில் முடியவேண்டுமெனின், எலிகளை வளர்க்கும் வேலை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கல் வேண்டும். விலங்குகளைப் பயன்படுத்துதற்கான அனுமதியோ அதற்கும் முன்னரே கைக்கு வரவேண்டும். இவ்வாறு எண்ணிப் பார்த்தபோதுதான், தகுதிகாண் பரீட்சைக்கு எழுதும் முன்மொழிவையே ஆய்வேட்டின் முதல் அத்தியாயமாகக் கொள்ளல் நன்று என்பது புலனாயிற்று. விதி இடங்கொடுக்கும் இடங்களில் இதனிலும் சிறந்த சிக்கனம் வேறில்லை.

இக்கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டினோம். பிரதியொன்றை மேற்பார்வையாளரிடமும் கொடுத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை கூடவேண்டிய ஆய்வுக் குழுவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாமே வேண்டிக் கூட்டினோம்.

எம்மோடு சேர்ந்த வேற்றுநாட்டு நண்பரொருவர் அறிவில் எம்மினும் மிக்கவர். கேட்கக்கூடிய பாடங்கள் யாவற்றையும் கேட்டு, யாவற்றிலும் முதன்மை பெற்றார். மேற்பார்வையாளரோ ஓயாத பயணங்களில் இருந்தார். ஈராண்டாகக் குழு கூடவில்லை. கூட்டுமாறு கேட்பாரும் இல்லை. நான்காம் ஆண்டு முடிவில் அவர் கையில் நான்கு பரிசோதனைகளின் தொடக்கம் இருந்தது. ஒன்றின் முடிவேனும் இல்லை. முதுமாணிப் பட்டத்தோடு ஊர் திரும்பினார். அவரை வழியனுப்பிய நாள் எம் நெஞ்சில் இன்றும் கனக்கின்றது.

எம் அன்னையார் ஞாயிறுதோறும் தொலைபேசியில், "எப்ப தம்பி சோதினை முடியும்?" என்று கேட்பார். சோதினைகள் முடிந்து நெடுநாளாயிற்று என்பதை அவர்க்கு விளக்குதல் எளிதன்று. ஆயினும் அத்தாளைப் பார்த்து, "அடுத்த சித்திரைக்கு எழுதத் தொடங்குவேன், அம்மா" என ஒரு விடை சொல்ல முடிந்தது. குறித்த நாளுக்கு ஏழு மாதம் பிந்தியே பட்டம் பெற்றோம். எத்தனை மாதம், எக்காரணத்தாற் பிந்துகின்றோம் என்பதை ஒவ்வொரு படியிலும் அறிந்திருந்தமையால் எமக்கு அச்சமில்லை. ஊரிற் காத்திருந்தவர்க்கும் அது ஆறுதலாயிற்று.

உயர்கல்வியை நாடும் தம்பிமாரே! நீவிர் செலவிடுவது உமது ஆண்டுகளை மாத்திரமன்று. உம்மை எதிர்நோக்கியிருக்கும் பெற்றோரின் ஆண்டுகளையும் என்க. பாடசாலையில் ஆசிரியர் உமக்கு நேரசூசி வகுத்துத் தந்தனர். அந்நேரசூசி முடிந்த மறுநாளே உமக்குரியதை நீவிரே எழுதத் தொடங்குவீராக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!