மூலையில் இருந்த எண்

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு பிஎம்பிஓ என்ற எழுத்துகள் மறந்திருக்காது. டேப் ரெக்கார்டர் பெட்டியின் நெற்றியில் ‘1000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று வெள்ளி ஸ்டிக்கர் மின்னும். பெட்டியைத் திருப்பினால், கரண்ட் செலவு 20 வாட் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். கண நேர உச்சத்தைக் கணக்கில் சேர்த்தாலும் அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று அதை அச்சடித்தவருக்கே தெரிந்திருக்காது. அமெரிக்காவில் இதே கூத்து முன்பே நடந்து, 1974-ல் அங்கே அரசு விதி கொண்டுவந்தார்கள். தொடர்ந்து எத்தனை வாட், எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எவ்வளவு சிதைவுக்குள் என்று சேர்த்துச் சொல்லாமல் வெறும் வாட்டை விளம்பரம் செய்யக் கூடாது.

பொய் எண்ணைப் பற்றி எழுத பெரிதாக ஒன்றுமில்லை. உண்மையான எண்தான் என்னைப் பல நாள் படுத்தியது.

மதுரையில் இருக்கும் என் தாய்மாமா, கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுக்க நாகஸ்வரம் கேட்பவர், அதிலும் காருகுறிச்சியார் என்றால் சோறு தண்ணி வேண்டாம். சென்னை வந்திருந்தபோது ஒரு ஷோரூமில் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கேட்டுவிட்டார். விலை 1,40,000 ரூபாய். ஊருக்குப் போய் அந்த ஆம்பின் விவரத்தாளை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். “மாப்ள, நீதான் இன்ஜினியரு. காயிதத்தப் பாத்துச் சொல்லு. ஆனா நான் காதால கேட்டுட்டேன்டா, அது வேற” என்றார். பின்னாலிருந்து அத்தையின் குரல்: “மாடில தட்டோடு பதிக்கணும்னு மூணு வருசமாச் சொல்றேன். வெயில்ல ரூமுக்குள்ள இருக்க முடியல. நீயாவது சொல்லுப்பா.”

காகிதத்தில் அது தோற்றுப்போன ஆம்ப். 8 வாட் சக்தி, அதில் 1 சதவீதம் சிதைவு. அவர் வீட்டில் ஏற்கெனவே இருப்பது எல்எம்3886 ஐசி வைத்து நான் கட்டிக்கொடுத்த ஆம்ப். சில ஆயிரம் ரூபாய்ச் சாமான், சிதைவு 0.03 சதவீதத்துக்குப் பக்கத்தில். முப்பது மடங்கு வித்தியாசம். எண்களை நம்புகிறவன் அங்கேயே பேச்சை முடித்திருக்கலாம். மாமாவின் காதுகள்மேல் எனக்கு மரியாதை உண்டு என்பதால் முடிக்கவில்லை. தவிலில் வலந்தலைத் தோல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பந்தலுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார்.

சிதைவு என்று காகிதம் சொல்வது என்ன? ஆம்புக்குள் ஒரே ஒரு சுத்தமான சுரத்தை அனுப்புகிறார்கள், பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ். வெளியே வரும்போது 2000, 3000, 4000 என்று உள்ளே போகாத சுரங்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த ஒட்டுச்சுரங்களையெல்லாம் சேர்த்து, மூலத்தில் இத்தனை சதவீதம் என்று ஒற்றை எண்ணாக்குகிறார்கள். இந்த ‘சேர்த்து’ என்ற வார்த்தையில்தான் எனக்குச் சிக்கல். மென்பொருள் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். சராசரி பதில் நேரம் 80 மில்லிசெகண்ட் என்று டாஷ்போர்டு பச்சை காட்டும், நூறில் ஒரு வாடிக்கையாளர் மட்டும் ஆறு செகண்ட் காத்திருந்து திட்டிவிட்டுப் போயிருப்பார். எண்ணில் தப்பே இருக்காது.

இரண்டாம் ஒட்டுச்சுரம் என்பது மூலத்தின் மேல் ஸ்தாயி. நாகஸ்வரத்தில் அது இயல்பாகவே நிறைய இருக்கிறது, இன்னும் ஒரு சதவீதம் கூடினால் யாருக்கும் உறுத்தாது. ஏழாவது, ஒன்பதாவது அப்படியில்லை. அவை மூலச்சுரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, தனியாக, பல்லில் மணல் கடித்ததுபோல் நிற்கும். பிபிசியில் இருந்த ஷார்ட்டர் என்ற பொறியாளர் 1950-லேயே, உயர்ந்த ஒட்டுச்சுரங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கூட்ட வேண்டும் என்று எழுதினார். தொழில்துறை காதில் வாங்கவில்லை. எடை போட்டால் எண் பெரிதாகிவிடும், விளம்பரத்துக்கு உதவாது.

எந்தச் சத்தத்தில் அளந்தார்கள் என்பதும் இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்புகளில் பெரும்பாலும் இரண்டு பேர் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள், அலையின் மேல்பாதி ஒருவருக்கு, கீழ்ப்பாதி இன்னொருவருக்கு. தொடர் ஓட்டத்தில் கட்டை கைமாறுகிற இடத்தில் தடுமாறுவதுபோல, பூஜ்யத்தைக் கடக்கும்போது ஒரு சின்ன வெட்டு விழலாம். முழுச் சத்தத்தில் அந்த வெட்டு மலைக்குப் பக்கத்தில் கூழாங்கல். இரவு பதினொரு மணிக்கு மெதுவாக வைத்துக் கேட்டால் கூழாங்கல் அப்படியே இருக்க, மலை சுருங்கிவிடும். காகிதத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் மலை இருக்கும்போது அளந்த எண்.

எழுபதுகளில் இந்த எண் ஒரு போர்க்களமாகவே ஆனது. 0.1, 0.01, 0.005 என்று கம்பெனிகள் போட்டி போட்டுக் குறைத்தன. வெளியே வருவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பித் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் உத்திதான் ஆயுதம். பெல் லேப்ஸின் ஹரால்ட் பிளாக் 1927-ல் படகில் வேலைக்குப் போகும்போது நியூயார்க் டைம்ஸ் தாளின்மேல் கிறுக்கி வைத்த யோசனை அது. சரியாகச் செய்தால் அற்புதம். மந்தமான சுற்றில் அள்ளிப் போட்டால் வேகமாக மாறும் ஒலியில் ஆம்ப் திணறும் என்று ஃபின்லாந்தின் மட்டி ஓட்டலா 1970-ல் எழுதினார். நிஜ இசையில் அது எந்த அளவுக்கு நேர்கிறது என்று பிறகு பலர் சண்டை போட்டார்கள். ஆனாலும் ‘அளவு நன்றாக இருக்கிறது, ஒலி நன்றாக இல்லை’ என்ற புகாருக்கு ஓட்டலா ஒரு முகவரி கொடுத்தார். அந்தப் புகாருக்கு அவர் சொன்ன வைத்தியமும் இன்னொரு அளவைதான், காதை மட்டும் நம்பு என்று அவர் சொல்லவில்லை. ‘அளவெல்லாம் சும்மா’ என்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அவர்கள் மறக்கிற இன்னொன்று, 1978-ல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்துக்காக நடந்த கேட்புச் சோதனை. 1953-ன் வால்வு ஆம்ப் ஒன்று, பிறகு வந்த இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்புகள். சத்தத்தைச் சமன்செய்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். யாராலும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1985-ல் பாப் கார்வர் இன்னும் ஒருபடி மேலே போனார். விலையுயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றைப்போல் தன் டிரான்சிஸ்டர் ஆம்பை ஒலிக்க வைக்கிறேன் என்று ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களிடம் பந்தயம் கட்டி, இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்துப் பார்த்து, மிச்சம் ஏறக்குறைய இல்லாமல் போகும்வரை திருத்தினார். பத்திரிகைக்காரர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

கார்வரை நினைத்துக்கொண்டே மாமா அனுப்பிய தாளைத் திரும்ப எடுத்தேன். சிதைவு, வாட் எல்லாம் கொட்டை எழுத்தில். கீழ் மூலையில், ஷோரூம்காரர் வாயே திறந்திருக்காத ஒரு வரி: டேம்பிங் ஃபேக்டர் 4. எட்டு ஓமை நான்கால் வகுத்தால் இரண்டு ஓம். அதாவது அந்த ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இரண்டு ஓம் தடை ஒளிந்திருக்கிறது. என் ஐசி ஆம்பில் அது பூஜ்யத்துக்கு மிக அருகில்.

எட்டு ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எப்போதும் எட்டு ஓம் கிடையாது. மதுரை போய் மாமாவின் ஸ்பீக்கரை அளந்தேன். குறைந்த இடத்தில் 5 ஓம், 70 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 28, நடுவில் இன்னொரு மேடு. வழியில் இரண்டு ஓம் நின்றால் 5 ஓம் பகுதி நிறைய இழக்கும், 28 ஓம் பகுதி கொஞ்சம்தான் இழக்கும். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் இடையில் இரண்டு டெசிபலுக்கு மேல் வருகிறது. தவிலின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். மாமா சொன்ன அந்த ‘வேற’ இதுவாக இருக்குமோ?

ரிச்சி தெருவில் வாங்கிப்போயிருந்த 2.2 ஓம், 10 வாட் வெள்ளை செராமிக் ரெசிஸ்டர்களை, பக்கத்துக்கு ஒன்றாக, ஸ்பீக்கர் ஒயரில் சேர்த்தேன். அதை உள்ளே, வெளியே மாற்ற ஒரு சுவிட்ச். ரெசிஸ்டர் உள்ளே வந்தால் சத்தம் குறையும், குறைந்தது எப்போதும் மட்டமாகவே கேட்கும். அதனால் மைக் வைத்து இரண்டையும் சமன்செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அத்தை காசு சுண்டி, திரைக்குப் பின்னால் சுவிட்சைப் போட்டார். எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. பதினாறு சுற்று. எது நல்லா இருக்கு என்று மட்டும்தான் கேள்வி.

பதிமூன்று முறை ரெசிஸ்டர் உள்ள பக்கத்தைச் சொன்னார். குருட்டாம்போக்கில் சொல்லி இது அமைவதற்கு நூறில் ஒரு வாய்ப்பு. பிறகு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, என் ஐசி ஆம்பையும் நான் கொண்டுபோயிருந்த, பத்து மடங்கு குறைவான சிதைவு கொண்ட இன்னொரு ஆம்பையும் அதே மாதிரி மாற்றிக் கேட்க வைத்தேன். பதினாறில் ஒன்பது. “ரெண்டும் ஒண்ணுதான்டா, என்னைய ஏன் படுத்துற” என்று எழுந்துவிட்டார்.

ஆக அவர் காதும் பொய் சொல்லவில்லை, காகிதமும் பொய் சொல்லவில்லை. 1 சதவீதம், 0.03, 0.003 என்ற வரிசை அந்த அறையில் எதையும் சொல்லவில்லை. மூலையில் கிடந்த 4 சொன்னது.

மாமாவிடம் ரெசிஸ்டரைக் காட்டினேன். சூடு ஆறியிருந்தது. உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இது எவ்வளவுடா?”

“ரெண்டும் சேத்து அம்பது ரூவா வரும் மாமா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நாற்பது வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணி அடுக்கியவர், தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுதான். “ஆனா மாப்ள, அங்க அது எரியுது பாரு, செவப்பா, கோயில் வெளக்காட்டம். லைட்ட அணைச்சிட்டுக் கேட்டேன்” என்றார். அதற்கு என்னிடம் அளவை எதுவும் இல்லை. ஒளியும் கேட்பதில் சேர்த்திதான் என்று வாதாடுகிறவர்களை நான் கிண்டல் செய்பவன், அன்று செய்யவில்லை.

சித்திரைக்கு முன் மாடியில் தட்டோடு பதித்தார்கள். ரெசிஸ்டர்கள் ஆம்ப் பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மாமா போன் செய்தால் பின்னால் தவில் கேட்கிறது. ஷோரூம்காரரின் விசிட்டிங் கார்டை அவர் இன்னும் பர்ஸில்தான் வைத்திருக்கிறார் என்று அத்தை சொல்கிறார்.