‘காணேல்லை’ என்று சொல்லிப் பழகியவன்

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது. பொலிஸ் உத்தியோகத்துக்கு. இது இரண்டாவது தடவை. முதல் தடவை தோற்றுப் போனேன். ஏன் தோற்றேன் என்பதை எழுதினால், புதிதாக வந்து வேலைக்கும் படிப்புக்கும் நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வருகிற எங்கள் குடும்பங்களுக்கு உதவும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் எழுதிப் பழக்கமில்லாதவன். ஸ்காபரோவில் மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கிளிநொச்சிப் பக்கம். 2008 இல் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது ஏ.எல். வகுப்பில் முதலாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அதோடு படிப்பு நின்றது. 2009 இல் செட்டிகுளம் முகாம். 2010 ஓகஸ்ட் 13 ஆம் திகதி பிரிட்டிஷ் கொலம்பியாவில் எஸ்குவைமால்ற் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த ‘சன் சீ’ கப்பலில் இருந்த 492 பேரில் நானும் ஒருவன். கப்பலில் சீருடைக்காரர் ஏறினார்கள். அதில் யார் பொலிஸ், யார் எல்லை அதிகாரி, யார் படை என்று எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் ஒரே சீருடைதான். பிறகு மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தோம். அப்படி வந்தவனுக்கு ஏன் பொலிஸ் வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

காரணம் சின்னது. நாலு வருடத்துக்கு முன் எங்கள் மாடிக்கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் புதிதாக வந்தது. தாயும் இரண்டு பிள்ளைகளும். ஒருநாள் பின்னேரம் கீழே நின்ற காரை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று விசாரிக்கப் பொலிஸ் வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டியது. அந்தத் தாய் பிள்ளைகள் இருவரையும் அலுமாரிக்குள் ஒளித்துவிட்டு, விளக்கையும் நூர்த்துவிட்டு இருந்தா. சத்தம் கேட்டு நான் போய்த் தமிழில் கூப்பிட்டபிறகுதான் கதவைத் திறந்தா. கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் மொழிபெயர்த்தேன். ஐந்து நிமிட அலுவல். போகும்போது அந்தப் பொலிஸ்காரர் என்னிடம், “உங்களைப் போல ஆட்கள் எங்களுக்குத் தேவை” என்றார். மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றிரவு வேலையில் நின்றபோது அந்த அலுமாரியேதான் நினைவில் நின்றது. அந்தக் கதவைத் தட்டுகிறவன் தமிழ் தெரிந்தவனாக இருந்தால், அந்தப் பிள்ளைகள் அலுமாரிக்குள் போயிருக்கத் தேவையில்லையே என்று நினைத்தேன்.

மனைவி லேசில் சம்மதிக்கவில்லை. அவளுடைய தமையனைச் சீருடைக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனவர்கள். இன்னும் தகவல் இல்லை. “இந்த வீட்டுக்குள்ள ஒரு சீருடை தொங்கினால் நான் எப்பிடியப்பா நித்திரை கொள்ளுறது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. ஆறு மாதம் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. பிறகு அவளாகவே ஒருநாள், “போடுறவனைப் பொறுத்துத்தானே சீருடை. நீங்கள் போய்ப் பாருங்கோ” என்றாள்.

விருப்பமுள்ளவர்களுக்காகச் சில விபரம் சொல்கிறேன். ஒன்ராறியோவில் விண்ணப்பிக்கப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். குடியுரிமை கட்டாயமில்லை, நிரந்தர வதிவிட உரிமை இருந்தால் போதும். பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. உயர்பாடசாலைச் சான்றிதழ் போதும் என்று 2023 இல் மாகாண அரசு சொன்னது. எய்ல்மர் என்ற ஊரில் உள்ள ஒன்ராறியோ பொலிஸ் கல்லூரியின் அடிப்படைப் பயிற்சிக்கான கட்டணத்தையும் அதே வருடம் நீக்கியது. என்னிடம் அந்தச் சான்றிதழும் இருக்கவில்லை. இரவு வேலை முடித்து வந்து, பகலில் வளர்ந்தோர் பாடசாலைக்குப் போய் எடுத்தேன். முதலுதவிச் சான்றிதழ், வாகன அனுமதிப்பத்திரம், உடற்தகுதி, எழுத்துச் சோதனை, உங்கள் பழைய வாழ்க்கை பற்றிய விசாரணை எல்லாம் உண்டு. இவற்றையெல்லாம் முயற்சியால் தாண்டலாம். என்னை விழுத்தியது வாய்மொழித் தேர்வு.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் கேட்பார், மற்றவர் எழுதுவார். சட்டம் தெரியுமா, குற்றவாளியைப் பிடிப்பாயா என்று கேட்பார்கள் என நினைத்துப் போனேன். அப்படி ஒன்றும் கேட்கவில்லை. “உங்கள் வாழ்க்கையில் கோபத்தை அடக்கிய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்.” “வேறு பண்பாட்டைச் சேர்ந்த ஒருவருடன் பிணக்கு வந்தபோது என்ன செய்தீர்கள்?” “நீங்கள் ஒரு பிழை செய்து, பிறகு அதைத் திருத்திய சந்தர்ப்பம் எது?” எல்லாம் இப்படித்தான். நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன என்று நாலு படியாகச் சொல்ல வேண்டும். இங்கே பெரிய வேலைகளுக்கு மட்டுமல்ல, கடை வேலைக்கும் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். அதனால் இதை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நான் மூன்று பிழை விட்டேன்.

முதலாவது, கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொன்னேன். “ஓம், பிணக்கு வந்தது, கதைத்துத் தீர்த்தோம்.” அவ்வளவுதான். அவர்கள் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’ என்றேன். நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம். நான் செய்தேன் என்று சொல்வது எங்களுக்குத் தற்பெருமை போலப் படும். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்திவிட்டு, “அது சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். நாலு தரம் கேட்டிருப்பார்.

மூன்றாவதுதான் பெரிய பிழை. பிழை செய்து திருத்திய சந்தர்ப்பம் என்று கேட்டபோது, என் மச்சான் சொல்லித் தந்த கதையைச் சொன்னேன். கடையில் மிச்சக்காசு கூடக் கொடுபட்டதும், தேடிப் போய்ச் சரிசெய்ததும். அது அவனுக்கு நடந்தது, எனக்கல்ல. அவர்கள் விடவில்லை. “அந்த ஆள் என்ன சொன்னார்?” “அப்போது உங்கள் மனதில் என்ன இருந்தது?” “முதலாளி எப்படி அறிந்தார்?” எனக்கு வாய் ஒட்டிவிட்டது. இரண்டு கிழமையில் கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்று, நடந்ததையெல்லாம் மனைவிக்கு முதற்தடவையாக ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீங்கள் சென்றியில பதில் சொல்லுற மாதிரித்தான் சொல்லியிருக்கிறியள்” என்றாள். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

சின்ன வயதில் அம்மாவோடு ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவுக்குப் போகும்போது அம்மா பஸ்ஸிலேயே சொல்லித் தருவா: “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தம்பி. கூடக் கதையாதை. தெரியாது, காணேல்லை எண்டு சொன்னால் ஒரு கரைச்சலும் இல்லை.” 2009 இல் முகாமில் கேள்வி கேட்டபோதும் அந்த இரண்டு சொல்தான் என்னைக் காத்தது. அம்மா சொன்னது பிழை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சொல்லை இங்கேயும் கொண்டு வந்துவிட்டேன். அதற்கு ஒரு பெடியன் விலை கொடுத்தான். 

2019 மாரியில் எங்கள் வேலைத்தலத்துக்கு ஏஜென்சி மூலம் ஒரு தமிழ்ப் பெடியன் வந்தான். நாட்டுக்கு வந்து சில மாதம்தான். மட்டை மடிக்கும் மெசினில் அடிக்கடி மட்டை இறுகும். ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றிப் பூட்ட நேரம் போகிறது என்று, அந்தக் கிழமை மூடியைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள். நான் கண்டேன். எல்லோரும் கண்டார்கள். மெசினை நிற்பாட்டி, மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டபிறகுதான் கை வைக்க வேண்டும் என்பது விதி. அன்றிரவு மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார். பெடியன் கையை விட்டான். வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

அடுத்த நாள் பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் முறை வந்தது. எனக்குப் பத்தடி தூரத்தில் நடந்த விடயம். நான் சொன்னேன்: “நான் காணேல்லை.” சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது.

மூடியைப் பெடியனே கழற்றினான் என்று எழுதினார்கள். ஏஜென்சி அவனை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. எட்டு நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் தொழிலாளர் பக்கப் பாதுகாப்புப் பிரதிநிதியிடம் போய், மூடி அதற்கு மூன்று நாள் முந்தியே கழற்றியிருந்தது, நான் கண்டேன், முதல் சொன்னது பொய் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். என்னை வேலையால் நிற்பாட்டுவார்கள் என்று நினைத்தேன். நிற்பாட்டவில்லை. அறிக்கையைத் திருத்தினார்கள். மூடி திரும்ப ஏறியது. பூட்டுப் போடாமல் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று கண்டிப்பாக்கினார்கள். பெடியனைத் திரும்பக் கூப்பிட்டார்கள், ஆனால் அவன் வேறு இடம் போய்விட்டான்.

புதிதாக வந்தவர்கள் இதை மனதில் வைத்திருங்கள். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஒன்ராறியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் உண்டு. அந்த உரிமையைப் பாவித்ததற்காக உங்களைத் தண்டிக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனக்கு இது விரல் போனபிறகுதான் தெரிந்தது.

பிழை செய்து திருத்திய சந்தர்ப்பம் என்று அவர்கள் கேட்டபோது, இது என்னிடம் இருந்தது. ஆனால் பொய் சொன்னேன் என்று பொலிஸுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த முறை அதைத்தான் சொல்லப் போகிறேன். வேலைத்தலத்தில் ஒரு அண்ணை, “உதைச் சொன்னால் அவங்கள் உன்னை எடுக்கமாட்டாங்கள், விசர் வேலை பாராதை” என்கிறார். கப்பலில் வந்ததையும் வாய் திறக்காதே என்கிறார். அதை மறைக்க முடியாது, விசாரணையில் எல்லாம் பார்ப்பார்கள். மறைக்க முடிந்தாலும் மறைக்கமாட்டேன். அவர் சொல்வது போலவே எடுக்காமலும் விடலாம். அது அவர்கள் முடிவு.

வேலையில்லாத நாட்களில் குசினி மேசையில் பயிற்சி நடக்கிறது. மனைவி தமிழில் கேள்வி கேட்பாள். பத்து வயது மகள் ஆங்கிலத்தில் குறுக்குக் கேள்வி கேட்பாள். ‘நாங்கள்’ என்று சொன்னால் கரண்டியால் மேசையில் தட்டுவாள். “நீங்கள் என்ன செய்தனீங்கள் அப்பா?” முதல் நாள் பதினொரு தட்டு. இப்போது இரண்டு, மூன்று. முகத்தைப் பார்த்துக் கதைக்கவும் அவள்தான் பழக்குகிறாள். பெரியவர்களுக்கு முன்னால் நிலத்தைப் பார்ப்பது எங்களுக்கு மரியாதை. இங்கே எதையோ மறைக்கிறான் என்று நினைத்துவிடுவார்கள். மெசின் கதையை மகளுக்கும் சொன்னேன். இடையில் தட்டவே இல்லை. முடிந்தபிறகு, “ஏன் முதலிலேயே சொல்லேல்லை?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி நேர்முகத் தேர்விலும் வரும். அதற்குத்தான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பயம் என்பது ஒரு பதில். ஆனால் முழுப் பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெடியனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது லொறி ஓட்டுகிறானாம். அவனுடைய கதையைச் சொல்ல அவனிடம் கேட்க வேண்டும் அல்லவா? முதலில் ‘காணேல்லை’ என்று சொன்னவன் நான்தான் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அண்ணை, மூடி கழட்டிக் கிடந்ததை நானும் கண்டனான். வேலை போயிடும் எண்டு நானும் வாய் திறக்கேல்லை” என்றான். கடைசியில், “சொல்லுங்கோ அண்ணை. என்ரை பேரை மட்டும் சொல்லாதேங்கோ” என்றான்.

கண்டதைக் கண்டேன் என்று சொல்வதுதான் நான் கேட்டுப் போகிற வேலை. அதை நேர்முகத் தேர்விலேயே சொல்லத் தெரியாவிட்டால் அந்தச் சீருடை எனக்கு எதற்கு?

நீங்களும் ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் போய் இருக்கத்தான் போகிறீர்கள். பாடமாக்கிய கதையைக் கொண்டு போகாதீர்கள். உங்களுடைய கதையை, நீங்கள் வெட்கப்படுகிற கதையாக இருந்தாலும், ‘நான்’ என்று தொடங்கிச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் கரண்டியோடு ஒரு பிள்ளை இருந்தால் நல்லது. என் முடிவு எதுவாக இருந்தாலும் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.