கூட்ஸ் ஷெட்டில் குடித்தனம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தார்கள் நம் பெரியவர்கள். ஓர் ஊரைக் கட்டிப் பார் என்று சொல்லவில்லை. ஊர் என்பது தானாக வளர்வது, யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கட்டுவதில்லை என்று நினைத்தார்களோ, என்னவோ!

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் அப்படியும் ஓர் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். சுமார் 20,000 பேர் குடியிருக்க வேண்டும், ஏறக்குறைய அத்தனை பேருக்கு அங்கேயே வேலையும் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட ஊர். நகரத்துக்கு வெளியே எங்கோ பொட்டல் காட்டில் அல்ல. நகரத்துக்கு உள்ளேயே, கூட்ஸ் வண்டிகளும் நிலக்கரி வண்டிகளும் நின்றிருந்த 85 ஹெக்டேர் ரயில்வே நிலத்தில். நம் கணக்கில் 210 ஏக்கர். இன்று அதற்கு ‘வடக்கு ரயில் பேட்டை’ என்று பொருள்படும் ‘நோர்ட்பான்ஃபியர்ட்டல்’ என்பது பெயர். வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை. நாம் வடக்குப் பேட்டை என்றே சொல்லிக்கொள்வோம்.

போய்ப் பார்க்க வேண்டுமானால், பிராட்டெர்ஸ்டெர்ன் நிலையத்தில் இறங்குங்கள். எதிரே 1897 முதல் வியன்னாவின் அடையாளமாக நிற்கும் ராட்சத ராட்டினம் தெரியும். உடன் வந்த குழந்தைகள் அந்தப் பக்கம்தான் இழுப்பார்கள். ‘திரும்பி வரும்போது பார்க்கலாம்’ என்று சமாதானம் சொல்லிவிட்டு, ராட்டினத்துக்கு முதுகைக் காட்டி வடக்கே நடங்கள்.

நீங்கள் நடக்கிற மண் சாமானியமான மண் அல்ல. ஆஸ்திரியாவில் நீராவி எஞ்ஜின் இழுத்த முதல் ரயில் பாதை 1838-இல் இங்கே வந்து சேர்ந்தது. 1865-இல் அரண்மனை போன்ற ஒரு ஸ்டேஷன் எழுந்தது. மொரேவியாவிலிருந்தும் கலீஷியாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் இங்கேதான் இறங்கினார்கள். அவர்களில் யூதர்கள் ஏராளம். பக்கத்திலேயே லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில் ஜாகை பார்த்துக் குடியேறினார்கள். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபின் அந்த வீடுகள் காலியாயின. விரட்டப்பட்டவர்கள் போக மற்றவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். ஸ்டேஷனும் தப்பவில்லை. யுத்தத்தில் குண்டு விழுந்து சிதைந்தது. 1965-இல் அந்த இடிபாட்டையும் தகர்த்தார்கள். கிழக்கு ஐரோப்பாவுக்கும் மேற்குக்கும் நடுவே இரும்புத் திரை விழுந்துவிட்டபடியால், வடக்கே போகும் பாதைக்கு இருந்த பழைய மவுசும் போயிற்று. காலப்போக்கில் தண்டவாளங்களுக்கு நடுவே புல் முளைத்தது.

ஒரு நகரத்தின் நடுவே 210 ஏக்கர் காலியானால் என்ன நடக்கும்? நீங்களும் நானும் ஊகிக்கக்கூடியதுதான். ஒருவர் ஆபீஸ் கட்டிடம் என்பார். ஒருவர் மாளிகை என்பார். கூடிய விலைக்குக் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று இன்னொருவர் சொல்வார். இங்கே 1994-இல் ஒரு பொதுத் திட்டம் போட்டார்கள். காகிதத்தில் கோடு இழுத்துச் சதுரம் சதுரமாகத் தெருக்களும் கட்டிடங்களும் அடைந்த திட்டம். பாதி நிலம் அந்த முறையில்தான் எழுந்தது. ஆனால் அதிலும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சுற்றிலும் வீடுகள் எழும் முன்பே, 2008-இல், ஏழரை ஏக்கரில் ஒரு பூங்காவைத் திறந்துவிட்டார்கள். 2010-இல் பாலர் பள்ளியும் ஆரம்பப் பள்ளியும் ஒரே கூரையின் கீழ் வந்தன. குடிவந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு அலைவது எப்படி இருக்கும் என்று அனுபவித்த தாய்மார்களுக்கு இதன் அருமை தெரியும்.

மிச்சப் பாதி நிலத்துக்கு வந்தபோதுதான் அந்த வேடிக்கையான யோசனை பிறந்தது. பழைய திட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டு, 2014-இல் புதிதாக ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். அதன் சாரம் இவ்வளவுதான்: ‘நடுவைச் சும்மா விடு; வீடுகளை ஓரத்தில் கட்டு.’ குடியிருப்போர் தொகையைக் குறைக்கவில்லை. பரவலாகக் கட்ட வேண்டியதை ஓரங்களில் நெருக்கி, சில இடங்களில் கோபுரம் போல் உயர்த்தி, நடுவே சுமார் 10 ஹெக்டேரைக் காலியாக வைத்துவிட்டார்கள். இருபத்தைந்து ஏக்கர்! காலி மனை என்றால் கை துறுதுறுக்கும் இந்தக் காலத்தில் இது லேசான மனத்திடமா, சொல்லுங்கள்.

அங்கே வரிசையாக நட்ட பூச்செடிகளோ, ‘புல்லில் நடக்காதே’ என்ற பலகையோ உங்களை வரவேற்காது. ரயில் போன பிறகு தானாக முளைத்த செடியும் மரமும் அப்படியே நிற்கின்றன. பழைய தண்டவாளத் துண்டுகள் கிடக்கின்றன. எஞ்ஜின்களுக்குத் தண்ணீர் கொடுத்த செங்கல் கோபுரம் தாத்தாவைப் போல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. சரளைக்கல் பள்ளங்களில் மழைநீர் தேங்கும் இடம் பச்சைப் புள்ளித் தேரைக்குப் பிரியம். சட்டப் பாதுகாப்புப் பெற்ற அந்தத் தேரையையும் குடியிருப்பவர்களில் ஒருவராகக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் திட்டம் போட்டார்கள்.

‘காடும் தேரையும் இருக்கட்டும், வாடகை என்ன?’ என்று கேட்கிறீர்கள். குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. வியன்னா இந்த விஷயத்தில் பெயர் வாங்கிய நகரம். முதல் மகா யுத்தத்துக்குப் பின், ஆடம்பரங்களுக்கு வரி போட்டு, தொழிலாளர்களுக்காக 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிய நகரசபை அது. இன்றும் வியன்னாவாசிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் நகரசபை வீடுகளிலோ, அரசு உதவி பெற்றுக் கட்டிய வீடுகளிலோதான் இருக்கிறார்கள். உதவி பெற்றுக் கட்ட விரும்புகிறவர்கள் போட்டியில் ஜயிக்க வேண்டும். கட்டிட அழகு, செலவு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அங்கே வசிப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக வாழ முடியுமா என்பதையும் 2009 முதல் நான்காவதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

வடக்குப் பேட்டையில் 2013-இல் கட்டி முடித்த ஒரு வீட்டைச் சொன்னால் இது விளங்கும். சுமார் 100 பேர், குழந்தை குட்டிகள் உட்பட, சேர்ந்து திட்டமிட்ட வீடு. குடித்தனங்கள் தனித்தனி, ஆனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய சமையலறை, தொழிற்கூடம், குழந்தைகளுக்கு விளையாட்டு அறை, மொட்டை மாடியில் புத்தகசாலை. கட்டிடம் சங்கத்துக்குச் சொந்தம். தன் பகுதியை யாரும் லாபத்துக்கு விற்க முடியாது. குழாயடிச் சண்டை இல்லாத ஒண்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பெண்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1991-இல் ஏவா கைல் என்ற திட்ட நிபுணர், பெண்களின் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடித்து ஒரு கண்காட்சி வைத்தார். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, கடைப்பையைத் தூக்கிக்கொண்டு, ஒரே நாளில் நாலு இடம் போகிறவளுக்கு இந்த நகரத்தில் இடம் எங்கே என்று அது கேட்டது. அதன் பிறகு 1997-இல், வேறொரு பகுதியில், பெண் கட்டிடக் கலைஞர்களே திட்டமிட்ட 357 வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு மாடியிலும் குழந்தை வண்டி நிறுத்த இடம். முற்றத்தில் விளையாடும் பிள்ளையைச் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்க்கும் வசதி. அன்று வியன்னா கற்ற பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வடக்குப் பேட்டையைப் பாருங்கள். கடைகளைக் கட்டிடங்களின் தரைத்தளத்தில் வைத்திருக்கிறார்கள். கடைசி வீடுகள் முடியும் முன்பே, 2020-இல், ‘ஓ’ என்னும் டிராம் பேட்டைக்குள் வந்துவிட்டது. கார் இல்லாத வீட்டுக்காரியும் கலங்க வேண்டியதில்லை.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால், அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படியும் இல்லை. எல்லா வீடுகளும் உதவி பெற்ற வீடுகள் அல்ல. சந்தை விலைக்குப் போகிறவையும் பக்கத்திலேயே நிற்கின்றன. உதவி வீடுகளிலும் பலவற்றுக்குக் கணிசமான முன்பணம் கட்ட வேண்டும். நகரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் நகரசபை மூலம் கிடைக்கும் வீடுகளுக்கு மனுப் போடச் சில காலம் அங்கே வசித்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் மூட்டையுடன் வந்து இறங்கியவர்களை வரவேற்ற இடத்தில், இன்று மூட்டையுடன் வருகிறவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. நீர்க் கோபுரத்தின் அருகே ஒரு பழைய கிடங்கு இருந்தது. 2017-இல் அதைச் செப்பனிட்டுத் தொழிற்கூடமும் கூட்டம் கூடும் மண்டபமுமாக்கினார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்ட இடம் அது. இடிக்கப்போகிறார்கள் என்றதும், வேண்டாம் என்று மன்றாடினார்கள். விவாதம் முடிவதற்குள் 2019 நவம்பரில் தீ முந்திக்கொண்டது. கட்டிடத்தைத் திட்டம் போட்டுக் கட்டிவிடலாம். ஜனங்கள் தாமாக ஒன்றுகூடிப் பழகிய கொட்டகையைத் திட்டத்தில் எழுதி வைக்க முடிவதில்லை.

அதனால்தான் அந்த நடுக்காடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீடு கட்டுகிறவர்களின் வேலை ஒருநாள் முடிந்துவிடும். குடியிருப்பவர்களுக்கு வேலை ஆரம்பமாவது அதற்குப் பிறகுதானே? அவர்கள் எங்கே கூடுவார்கள், எதற்காகக் கூடுவார்கள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரியாத அந்தக் காரியத்துக்காக 25 ஏக்கரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

சரி, குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ராட்டினத்துக்கு நேரமாகிவிட்டது. திரும்புகிற வழியில் சரளைப் பள்ளத்தருகே மட்டும் கொஞ்சம் பார்த்து நடங்கள். தேரைக் குடும்பம் தெருவைக் கடந்துகொண்டிருக்கலாம்.