பிரிண்டர் மேல் விழும் வெயில்

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. கீழே துணிக்கடை, மேல்மாடியில் கணக்கு எழுதும் அலுவலகம். பெயர் வேண்டாம். தம்பியின் கடைக் கணக்கோடு மூன்று நாளாக அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறேன். ஜூன் மாதம். வியாபாரிகளின் வருமான வரிப் பாரத்துக்கு 30ஆம் தேதி கெடு. என்னைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. எனக்கோ வேறு வேலையில்லை.

அஞ்சடியில் கண் கூசும் வெயில். படியேறினால் அந்தி. முன்பக்கச் சன்னல் இரண்டையும் கீழ்க்கடையின் விளம்பரப் பலகை மூடிவிட்டது. பலகை ஓரத்து இடுக்கு வழியாகப் பத்தே முக்காலுக்குக் கையகல வெயில் உள்ளே நுழைந்து பிரிண்டர் மூடிமேல் விழும். அப்போது ஒல்லிப் பையன் எழுந்து போய் வெற்றுத்தாளைப் புரட்டுவான். கிராணி அக்கா ஏதோ மறந்தவர்போல் பக்கத்தில் வந்து நிற்பார். பிரிண்டர் எதையும் அச்சடித்திருக்காது. பதினொன்றேகாலுக்கு வெயில் விலகும், இவர்களும் விலகுவார்கள்.

மலேசியாவின் எம்எஸ் 1525 தரநிலை அலுவலகத்துக்குக் கேட்பது 300 முதல் 400 லக்ஸ் வெளிச்சம். மேகம் மூடிய பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். பார்ப்பதற்கு என்றில்லாமல், பொழுது விடிந்ததை மூளைக்குச் சொல்லவே நம் விழித்திரையில் தனிச் செல்கள் உள்ளன என்பது 2002இல் உறுதியானது. அந்தச் செல்கள் இந்த மாடியில் என்ன சேதி சொல்லும்?

அக்காவின் தலைக்கு நேர்மேலே ஒரு டியூப் லைட். இரு முனையும் கறுத்துவிட்டது. சோக்கு ஓயாமல் ரீங்கரிக்கிறது. இந்தப் பழைய சோக்கு மாட்டிய விளக்கு, இங்குள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, தலைக்குத் தெரியும். 1989இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், இதை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் சோக்கு போட்டபோது அலுவலகத்தில் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே இறங்கின. அக்காவின் இழுப்பறையில் இருப்பது பனடோல் அட்டையும் கோடாலித் தைலமும். மூன்று மணிக்குத் தைலம் நெற்றிக்குப் போகிறது. அதன்பிறகு ஒரே பக்கத்தை மூன்று தடவை கூட்டினார். மூன்று தடவையும் வேறு வேறு தொகை.

"கண்ணாடிய மாத்துங்கக்கா," என்றார் பாஸ். அவர் அறையில் நல்ல சன்னல் உண்டு. திரைபோட்டு மூடிவைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் வெயில் அடிக்கிறதாம்.

அக்கா கிள்ளானிலிருந்து வருகிறவர். "இருட்டுல ரயிலு ஏறுறேன், இருட்டுனப்புறம் எறங்குறேன். ஓவர்டைம் மாசம்லா," என்று பையனிடம் சொன்னார். தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரைமணி முன்னே தள்ளினார்கள். அதனால் இந்த மாதத்தில் இங்கே சூரியன் எழவே காலை ஏழு தாண்டிவிடும். ரயிலில் வெயில் ஏறும் நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பாராம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, வெயிலுக்காகப் பிரிண்டரிடம் போக வேண்டியிருக்கிறது.

இன்று நான்கு மணிக்கு டியூப் அணைந்தே போனது. எனக்கு ஒரு கணம் சந்தோஷம். பையன் நாற்காலிமேல் ஏறி அதைத் திருகினான், ஸ்டார்ட்டரைத் தட்டினான். இரண்டு தடவை வெட்டிவிட்டு மறுபடி எரிந்தது.

"ஓகேலா, இன்னும் தாங்கும்," என்றார் பாஸ்.

அக்கா தைலத்தை எடுத்தார்.

இறங்கி வரும்போது பக்கத்து ஹார்டுவேர் கடையில் எல்இடி டியூப் விலை கேட்டேன். பதினைந்து வெள்ளி. பாஸ் மத்தியானம் சாப்பிட்ட வாழை இலைச் சாப்பாடும் ஏறக்குறைய அவ்வளவுதான்.