பாட்டி கேட்ட கேள்விகள்

கேள்விக்குப் பதில் சொல். பிறகு ஓடு, குதி, தாவு. மறுபடி கேள்விக்கு வா. 1999-இல் அக்ளெய்ம் நிறுவனம் வெளியிட்ட 'சௌத் பார்க்: ஷெஃப்ஸ் லவ் ஷாக்' என்ற வீடியோ கேம் இப்படித்தான் நடக்கும். சௌத் பார்க் கார்ட்டூனில் வரும் பள்ளிச் சமையல்காரர் ஷெஃப் கேள்வி கேட்பார். ஸ்டான், கைல், கார்ட்மன், கென்னி என்ற நான்கு பையன்களில் ஆளுக்கு ஒருவராகி நாம் முந்திக்கொண்டு பொத்தானை அமுக்க வேண்டும். நடுநடுவே குட்டி ஆட்டங்கள் வரும். கேள்வியில் ஜெயித்த கெட்டிக்காரன் அங்கே தோற்பான். விரல் வேகமுள்ளவன் மேலே வருவான். அறிவையும் கைவேகத்தையும் ஒரே பாயில் உட்காரவைக்கும் இந்தக் கலவை எனக்கு இன்றும் பிடிக்கும்.

தென்கேரளத்து ஒற்றசேகரமங்கலத்தில் அம்மா வீட்டுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த மாமா. அது பெரியவர்களுக்கான கார்ட்டூன் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நிண்டெண்டோ 64-இல் நான்கு ஜாய்ஸ்டிக் செருகலாம். எங்களிடம் இருந்த பிளேஸ்டேஷனில் இரண்டுதான், நாலு பேர் ஆட வேண்டுமானால் தனியாக ஒரு பெட்டி வாங்கி இணைக்க வேண்டும். எங்களிடம் அது இல்லை. மே மாத விடுமுறை, வீடு நிறையப் பிள்ளைகள், இரண்டு ஜாய்ஸ்டிக்.

திரையில் வந்த கேள்விகளெல்லாம் அமெரிக்க டி.வி., அமெரிக்கப் பாட்டு, அமெரிக்க அரசியல். பதில் தெரிந்தவர் அந்த வீட்டில் யாருமில்லை. ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிக் கேள்வியைக் கடந்து குட்டி ஆட்டத்துக்குப் போய்விடுவோம். அங்கே மட்டும் எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. விரல்களின் ஆட்டம் எந்தக் கடலையும் தாண்டிவிடுகிறது. கேள்விகள் பிறந்த ஊரிலேயே நின்றுவிடுகின்றன.

ஜாய்ஸ்டிக் யாருக்கு என்ற சண்டை முற்றியபோது பாட்டி உள்ளே நுழைந்தாள். திண்ணையில் பலாச்சக்கை உரித்துக்கொண்டிருந்தவள், எண்ணெய் தடவிய கையோடு வந்து நின்றாள்.

"மக்களே, முள்ளுச் சட்டை போட்டவனுக்கு வயிறு நிறையத் தங்கப் பிள்ளைகள். அவனைத் தொட்டவனுக்குக் கை கழுவ எண்ணெய் வேணும். ஆரு, சொல்லு பாப்போம்?"

விடை அவள் கையிலேயே இருந்தது. முதலில் கத்தியவனுக்கு ஜாய்ஸ்டிக் கிடைத்தது. அதற்குப் பிறகு அதுவே விதி. பாட்டி அழிப்பாங்கதை, அதாவது விடுகதை போடுவாள், அழித்தவன் ஆடுவான். விடை தெரியாதவன், மலையாளப் பிள்ளைகள் விளையாடும் கடங்கதையில் சொல்வதுபோல, 'கடம்' என்று சொல்லிவிட்டு, தானே ஒரு கதை போட்டுக் கடனை அடைக்க வேண்டும். தமிழில் போட்ட கதைக்கு மலையாளத்தில் விடை வந்தாலும் பாட்டிக்குச் சரிதான். தொல்காப்பியம் எழுவகை யாப்பைச் சொல்லும்போது பிசி என்னும் விடுகதையையும் பாட்டுக்குச் சமமாகச் சேர்த்து எண்ணுகிறது. பாட்டிக்குத் தொல்காப்பியம் தெரியாது. ஆனால் ஒரு கதையை எந்த இடத்தில் நிறுத்தினால் ஏழு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாய் திறப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். திரையில் ஷெஃப் பேசிக்கொண்டே இருப்பார்; ஒருவரும் கேட்க மாட்டோம். கரண்ட் போனால் குட்டி ஆட்டம் நிற்கும், பாட்டியின் ஆட்டம் நிற்காது. சக்கைக் கதையிலிருந்து நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலின் அம்மச்சிப் பிலாவுக்குப் போய்விடுவாள். எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பி வந்த திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா ஒளிந்ததாகச் சொல்லும் பொந்து உள்ள பலாமரம் அது. "அந்தப் பொந்துக்கு வழி காட்டினது ஆரு?" என்று அதையும் ஒரு கேள்வியாக்கிவிடுவாள்.

கேள்வி ஆட்டத்துக்கு உயிர் கேள்வியில் இல்லை என்று அன்றுதான் பட்டது. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் நடுவே ஏற்கெனவே ஏதாவது இருக்க வேண்டும்: ஒரு மரம், ஒரு ஆறு, ஒரே மாதிரிப் பிசுபிசுக்கும் கை.

நம் தமிழ்நாடு-கேரள எல்லைக்கென்று இப்படி ஓர் ஆட்டத்தை யாராவது செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கார்ட்டூனுக்கு டாம்ஸ் வரைந்த போபனும் மோளியும் போதும். அந்த இரட்டைப் பிள்ளைகளையும் கூடவே ஓடும் நாயையும் பார்ப்பதற்காக மனோரமா வார இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டியவர்கள் கேரளத்துப் பாறசாலையிலும் உண்டு, தமிழ்நாட்டுக் களியக்காவிளையிலும் உண்டு. கேள்விகளுக்கா பஞ்சம்? 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துக்குப் போன தெற்குத் தாலுகாக்கள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. அவற்றை ஒட்டியிருந்தும் கேரளத்திலேயே நின்ற தாலுகா எது? பத்திரிகை நடத்தியதற்காக 1910 செப்டம்பர் 26-இல் திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்ட நெய்யாற்றின்கரைக்காரர் யார்? நெய்யாற்றின்கரை என்ற தாலுகாவின் பெயரை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையின் பெயரை அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூடச் சொல்வார்கள்.

குட்டி ஆட்டங்களைப் பெங்களூர்ப் பிள்ளைகள் யாராவது அழகாகச் செய்துவிடுவார்கள். கேள்வி கேட்கும் குரலுக்கு மட்டும் ஸ்டுடியோவில் ஆள் தேட வேண்டாம். நெய்யாற்றின் கரையோர வீடுகளில் எழுபது தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள், சீக்கிரம் போங்கள்.