மச்சானும் அஷிகருக்களும்

'டோட்டல் வோர்: ஷோகன் 2' விளையாடத் தொடங்குகிற ஆக்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் கிழமை ஒரே பிழையைத்தான் விடுவினம். சாமுராய் கேம் எண்டு கேள்விப்பட்டுத்தானே தொடங்குகிறோம், ஆனபடியால் வாள் பிடித்த சாமுராய்களை நிறையச் சேர்ப்போம். நாலு அணி சேர்த்த உடனே கையிருப்பு முடிந்துவிடும். ஐந்தாவது பருவத்தில் பக்கத்து ஊர்க்காரன் விலை குறைந்த ஈட்டிக்காரர்களோடு வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டு போவான். நானும் அப்படித்தான் மூன்று முறை தோற்றேன்.

அந்த விலை குறைந்த ஈட்டிக்காரர்களுக்குப் பெயர் அஷிகரு. பிரபுக்கள் சண்டைக்குக் கூட்டிவந்த சாதாரண காலாட்கள், பெரும்பாலும் வயலில் நின்றவர்கள். ஒரு அணியில் சாமுராய்களை விடக் கூடுதலான ஆக்கள் இருப்பார்கள், செலவோ குறைவு. தனித்தனியே சண்டைக்கு விட்டால் கெதியாகச் சாவார்கள், பயந்து ஓடுவார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் நெருக்கமாக நின்று ஈட்டிகளை முன்னுக்கு நீட்டிச் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவரில் நேரே வந்து முட்டுகிற குதிரைப்படை சரி, வாள் சாமுராய் சரி, நல்லா அடிவாங்கித்தான் போவான். பக்கவாட்டில் வந்தால் கதை வேறு. சுவருக்கு முகம் ஒன்றுதான், முதுகைக் காட்டினால் முடிந்தது.

கேமில் காசுக்குப் பெயர் 'கொகு'. அது பழைய ஜப்பானில் உண்மையாகவே இருந்த அளவு. ஒரு ஆளுக்கு ஒரு வருசம் சாப்பிடப் போதுமான அரிசி எண்டு கணக்கு. பிரபுவின் பலத்தை அவனுடைய நிலம் எத்தனை கொகு விளைகிறது என்பதை வைத்துத்தான் அளந்திருக்கிறார்கள். இதை நான் எங்கேயோ வாசித்துவிட்டுப் பெருமையாகச் சொன்னபோது மச்சான் கேட்ட முதல் கேள்வி, "அப்ப இவங்கள் எல்லாரும் கமக்காரரோ?"

மச்சான் எண்டால் மாமாவின் இளைய மகன். மாமாவுக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில் வயல். அடம்பன் பக்கம். 2013இல் ஓ.எல். படிக்க அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான், மன்னார் டவுனுக்கு. எங்களிடம் ஒரு பழைய லப்டொப் இருந்தது. விசிறி இரைகிற சத்தத்தில் அம்மா அதை 'வள்ளம்' என்பா. ஷோகன் 2 வந்தது 2011இல், அதற்குத் தேவையான எதுவும் அந்த வள்ளத்தில் இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஆகக் குறைந்த அளவில் வைத்து, அணிகளையும் ஆகச் சின்னதாக்கி விளையாடினோம். மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கில் நிற்கிற அஷிகருக்கள் எங்களுக்குக் கையால் எண்ணக்கூடிய அளவில்தான் நின்றார்கள். பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறேன்.

நாங்கள் எடுத்தது சொசொகாபே குலம். ஷிகொகு தீவில் தோசா மாகாணத்தில் தொடங்குவார்கள். தீவு எண்டதால்தான் எடுத்தோம், வேறு நியாயம் இல்லை. பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு வில்லாளர் மலிவு, நல்லவர்களும் கூட. அதோடு நான் உண்மையாகவே சண்டை பழகினேன்.

பழகியது இவ்வளவுதான். மேட்டைப் பிடி. மேட்டில் நிற்கிற வில்லாளரின் அம்பு தூரம் போகும், ஏறி வருகிறவன் களைத்துப்போவான். வில்லாளருக்கு முன்னால் ஈட்டிச் சுவர். தளபதியைச் சுவருக்குப் பின்னால், ஆனால் கிட்டவாக வை. அவன் பக்கத்தில் நின்றால் ஆக்கள் ஓடமாட்டார்கள், அவன் செத்தால் எல்லாருடைய மனமும் ஒரேயடியாக உடையும். குதிரைகளைக் காட்டுக்குள் ஒளித்து வை. எதிரி சுவரில் வந்து மாட்டினபிறகு குதிரையைச் சுற்றி ஓட்டி முதுகில் அடி. கொல்லன் அடைகல்லில் இரும்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறது மாதிரி. இந்த கேமில் பெரும்பாலும் ஆக்களைக் கொன்று வெல்லுவதில்லை, பயப்படுத்தித்தான் வெல்லுவது. ஒரு அணி உடைந்து ஓடினால் பக்கத்து அணி அதைப் பார்க்கும், அதுவும் ஓடும். சில வேளை பாதிப் பேர் சாகாமலே சண்டை முடிந்துவிடும்.

ஆற்றுக்குக் குறுக்கே கடக்க வேண்டிய சண்டைகளில் மட்டும் எனக்கு ஆரும் ஒன்றும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. தள்ளாடியிலிருந்து டவுனுக்கு வருகிற தரைப்பாலத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்கு ஒடுங்கின வழி எண்டால் என்ன, அதன் இந்தப்பக்கம் நிற்கிறவனுக்கு என்ன பலம், அந்தப்பக்கம் நிற்கிறவன் எப்படி வரிசையில் காத்து நிற்கவேணும் எண்டெல்லாம் ஆர் சொல்லித்தரவேணும்? கடவையின் வாயில் மூன்று அணியைப் பிறை மாதிரி நிறுத்தினால் வருகிறவன் மூன்று பக்கத்தாலும் அடிவாங்குவான்.

பிறகு நான் ஒரு உத்தி கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் எண்டு அப்ப நினைத்தேன், உலகம் முழுக்கப் பெடியள் அதைச் செய்திருப்பார்கள். மேட்டுக்குக் கீழே ஒரேயொரு அஷிகரு அணியைத் தனியே நிறுத்துவது. கணினி அதைக் கண்டதும் இலகுவான இரை எண்டு நாலைந்து அணியை அனுப்பும். எல்லாரும் அந்த ஒரு இடத்தில் குவிவார்கள். அதுக்குள் என்னுடைய வில்லாளர் எல்லாரும் சேர்ந்து அடிப்பார்கள். எங்கட ஆக்களுக்கும் அம்பு படும்தான். பட்டால் என்ன, ஆகக் கூடினால் ஒரு அணி, அதுவும் ஆக மலிவான அணி. சானுகி மாகாணத்தை அப்படித்தான் பிடித்தேன். எதிரி முழுக்க அழிந்தான்.

சண்டை முடிய ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு அணியிலும் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேரைக் கொன்றார்கள், எத்தனை பேர் மிச்சம் எண்டு. நான் எப்பவும் கொன்ற கணக்கைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு மச்சான் மிச்சக் கணக்கில் விரலை வைத்தான். கீழே நிறுத்திய அணியில் மூன்று பேர்.

"மூண்டு பேர்தான்டா."

"அது பரவாயில்ல மச்சான். ரெண்டு மூண்டு பருவம் எங்கட ஊரில நிண்டா தானா நிரம்பும்."

கேம் அப்படித்தான். சொந்த மாகாணத்தில் படை நின்றால் குறைந்த ஆக்கள் தாமாகவே கூடிக்கொண்டு வருவார்கள். பொத்தான்கூட அழுத்தத் தேவையில்லை.

"எங்கயிருந்து நிரம்பும்?"

"எங்கயிருந்து எண்டா?"

"இல்ல, இந்த ஆக்கள் எங்கயிருந்து வாறாங்கள்? ஆற்ற வீட்டிலயிருந்து?"

நான் சிரித்தேன். அவன் எழும்பிப் போய் முற்றத்தில் நின்றான். அம்மா குசினிக்குள் இருந்து என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் என்ன செய்தேன் எண்டு எனக்கு விளங்கியது.

2008இல் மாமா குடும்பம் அடம்பனிலிருந்து எழும்பினது. ஒவ்வொரு ஊராகத் தள்ளித் தள்ளி வன்னிக்குள் போனார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் எண்ட காலம் அது. மாமாவுக்கு இரண்டு பெடியள். மூத்தவனைக் கொண்டுபோனார்கள், ஆறு கிழமைப் பயிற்சி. பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மற்ற மூன்று பேரும் முகாமிலிருந்து 2010இல் ஊருக்கு வந்தார்கள். நாங்கள் தீவுக்குள், பாலத்துக்கு இந்தப்பக்கம் இருந்தோம். இருபது கிலோமீற்றர்கூட இல்லாத தூரத்தில் நடந்ததை நான் செல் சத்தமாக மட்டும்தான் கேட்டேன்.

இரண்டு நாள் லப்டொப்பைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "தா, நான் விளையாடுறன்" எண்டான்.

அவன் விளையாடியதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை போதாது. கமராவைக் கீழே இறக்கி முகங்கள் தெரிகிற அளவுக்குக் கொண்டுபோவான். வெல்ல முடியாது எண்டு கண்டால் பின்வாங்கச் சொல்லிவிடுவான், அம்பு ஒன்றுகூடப் பறக்க முதல். நான் கத்துவேன். ஓடுகிற எதிரி அணியின் கொடி வெள்ளையாக மாறும். அப்பதான் குதிரையை விட்டுக் கலைக்கவேணும், இல்லாவிட்டால் அவர்கள் திரும்பச் சேர்ந்து வருவார்கள் எண்டு விளையாடத் தெரிந்த எவரும் சொல்லுவார்கள். மச்சான் கொடி மாறின உடனே குதிரையைத் திருப்பிக்கொண்டு வருவான். ஏன் எண்டு நான் கேட்கவில்லை. சில முறை அவர்கள் திரும்ப வந்து அவனுடைய வில்லாளரை வெட்டியும் இருக்கிறார்கள். அப்பவும் அவன் அதை மாற்றவில்லை.

ஆனால் ஒன்று. சண்டைகளில் தப்புகிற அணிக்கு அனுபவம் கூடும். அனுபவம் கூடின அணி கெதியில் உடையாது. என்னுடைய அஷிகருக்கள் எப்பவும் புதுமுகங்கள். அவனுடையவர்கள் பத்துப் பதினைந்து வருசமாக அதே ஆக்கள், கொடியில் அடையாளங்களோடு. ஒருமுறை இயோ மாகாணக் கோட்டையில் கடலால் வந்து இறங்கின ஒரு பெரிய படையை அந்தக் கிழட்டு ஈட்டிக்காரர் மூன்று அணி மதிலுக்குள் நின்று பிடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். மதிலைக் கையால் பற்றித்தான் ஏறவேணும், ஏறி முடிய அவன் களைத்திருப்பான், விழுந்தும் சாவான். ஏறினவனைக் கிழடுகள் திருப்பி அனுப்பினார்கள். நான் எழும்பி நின்று கைதட்டினேன். அவன் பட்டியலைப் பார்த்து, "பதினொரு பேர் போயிற்றாங்கள்" எண்டான்.

துவக்கு விசயத்திலும் எங்களுக்குள் இழுபறி. கேமில் போர்த்துக்கேயருக்குத் துறைமுகம் கட்டிக்கொடுத்தால் அவர்கள் துவக்கும் தருவார்கள், கூடவே வேதமும் வரும், சனம் குழம்பும். நான் கட்டுவோம் எண்டேன், எங்கட ஆக்கள்தானே. மச்சான் யோசித்தான். எங்கள் ஊரில் இந்தக் கதையைப் பாடமாகப் படிக்கத் தேவையில்லை. போர்த்துக்கேயத் துவக்கு தனெகஷிமா தீவில் இறங்கியது 1543. அடுத்த வருசம் இங்கே மன்னாரில் வேதத்தில் சேர்ந்த ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லுவித்தான். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் கோயிலுக்கு இன்றைக்கும் சனம் போகிறது. இந்தக் கரைகளில் வேதம் பரப்பிய பிரான்சிஸ் சவேரியார்தான் 1549இல் ஜப்பானுக்குப் போய் இறங்கினார். 1597இல் நாகசாக்கியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். 1560இல் நொபுனாகா ஒகெஹசாமாவில் சின்னப் படையோடு மழைக்குப் பிறகு பாய்ந்து இமகாவாவின் தலையை எடுத்தான். அதே வருசம்தான் போர்த்துக்கேயர் எங்கள் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். பாலத்தால் டவுனுக்குள் வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் வர ஏலாது. நான் இதையெல்லாம் அடுக்கிச் சொல்ல மச்சான், "அப்ப கட்டவேண்டாம்" எண்டான். கட்டவில்லை.

ஷிகொகுவில் மொத்தம் நாலு மாகாணம். நாலும் அவனிடம் வந்தபிறகு அவன் கடல் தாண்டவில்லை. கேமில் பேரும் புகழும் ஒரு அளவைத் தாண்டினால் நாடு முழுக்க உனக்கு எதிராகத் திரும்பும், நேற்றுவரைக்கும் நண்பனாக இருந்தவனும் சேர்த்து. அந்த அளவுக்கு அவன் போகவே இல்லை. வயலைத் திருத்தினான், சந்தை கட்டினான், கப்பல் விட்டு வியாபாரம் செய்தான். பருவத்துக்குப் பருவம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான். கேம் 1545இல் தொடங்கி 1575இல் முடியும், அதற்குள் கியோட்டோவைப் பிடித்திருக்கவேணும். நான் ஒவ்வொரு நாளும் நினைவூட்டினேன். "தெரியும்" என்பான்.

சோதனைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு பின்னேரம் 1575 முடிந்தது. தோல்வி எண்டு திரையில் வந்தது, சோகமான ஒரு இசையும். மச்சான் அதை மூடிவிட்டுக் கடைசியாகச் சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பப் போனான். ஒவ்வொரு கோட்டையாகத் திறந்து உள்ளே நிற்கிற அணிகளை எண்ணினான். எல்லாம் முழுசாக இருந்தது.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. "வெண்டிட்டியோ?" எண்டு கேட்டா.

"ஓம் மாமி."