ரசிகர் நெஞ்சம்

ரசிகர் என்னும் சொல் தென்காசிச் சீமைக்குப் புதியது அன்று. கம்பன் கவியில் தோய்ந்து, தாம் பெற்ற இன்பத்தைப் பிறர்க்கும் வாரி வழங்கிய டி. கே. சிதம்பரநாத முதலியாரை 'ரசிகமணி' என்று தமிழுலகம் அழைத்தது. அவர் தம் பிற்கால வாழ்வைக் குற்றாலத்தில் கழித்தார். கல்கியும் ராஜாஜியும் அவரை நாடி அங்கே வந்தனர். கலையைப் படைப்பவர் எத்துணைச் சிறப்புடையவரோ, அதனை உள்ளம் உருகி நுகர்பவரும் அத்துணைச் சிறப்புடையவர் என்பதை அவர் வாழ்க்கை காட்டிற்று.

கவிக்கு ரசிகர் இருப்பது போல ஆட்டத்திற்கும் ரசிகர் உண்டு. இருவர்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. கம்பன் கவி ஒரு நாளும் தோற்பதில்லை. இன்று படித்தாலும் நாளை படித்தாலும் அது தரும் இன்பம் குறைவதில்லை. விளையாட்டை விரும்புபவர் நிலையோ வேறு. இன்று தலைநிமிர்ந்து நிற்பார். நாளை தலைகுனிந்து நிற்பார். அவர் விரும்பும் அணி அவருக்கு எந்த உறுதிமொழியும் தருவதில்லை. அப்படிப்பட்ட அன்பர் ஒருவர் தென்காசியில், காசி விசுவநாதர் கோயிலுக்கு அண்மையில், சிறியதொரு மளிகைக் கடை நடத்தி வருகிறார். கடைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் நீல நிறச் சட்டை ஒன்று தொங்கும். அது சென்னையின் எஃப்.சி. என்னும் கால்பந்து அணியின் சட்டை.

கால்பந்தின் மேல் அவருக்கு உண்டான பற்று பள்ளிப் பருவத்தில் தோன்றியது. மாலை நேரத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்றில், செம்மண் திடலில், வெறுங்காலோடு பந்தை உதைத்து ஓடிய சிறுவர்களுள் அவரும் ஒருவர். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அச்சிறுவர்களை மரநிழலில் அமர்த்திப் பழங்கதைகள் கூறுவார். 1911ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், ஒருவர் தவிர மற்றவர் அனைவரும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேயப் படையணி ஒன்றை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றதைக் கூறுவார். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சு நாட்டிடம் இந்தியா ஒரே கோல் வேறுபாட்டில் தோற்றதையும், இந்தியாவின் அந்த ஒரு கோலைச் சாரங்கபாணி இராமன் அடித்ததையும் கூறுவார். 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில், பெரு நாட்டுக்கு எதிராகத் தஞ்சைத் தமிழர் சைமன் சுந்தரராசு கோல் அடித்ததைச் சொல்லும்பொழுது ஆசிரியரின் குரல் உயரும். இவற்றுள் முதல் கதை ஒன்றே வெற்றிக் கதை. மற்றவை தோல்விக் கதைகள். ஆயினும் அவற்றை அவர் ஒரே பெருமிதத்தோடு சொன்னார். அந்தப் பெருமிதம் சிறுவனின் நெஞ்சில் பதிந்தது.

காலம் ஓடியது. சிறுவன் வளர்ந்து கடைக்காரர் ஆனார். 2014ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் என்னும் போட்டி எட்டு அணிகளோடு தொடங்கியது. சென்னைக்கும் ஓர் அணி அமைந்தது. அன்று முதல் அந்த அணி அவருடைய அணி ஆயிற்று. தென்காசியிலிருந்து மேற்கே சென்றால் சிறிது தொலைவில் கேரள எல்லை. சென்னையோ ஓர் இரவு முழுவதும் இரயிலில் செல்ல வேண்டிய தொலைவு. காய்கறிச் சுமையோடு புளியரை வழியாகக் கேரளம் செல்லும் ஓட்டுநர்கள், "அண்ணாச்சி, பக்கத்தில் இருக்கும் அணியை விட்டுவிட்டுத் தொலைவில் இருக்கும் அணியைப் பிடித்துக்கொண்டீர்களே!" என்று நகைப்பர். அவரும் நகைத்துவிட்டு எடைக்கல்லைத் தட்டில் வைப்பார்.

முதல் ஆண்டிலேயே அந்த நகைப்புக்கு இடம் ஏற்பட்டது. லீக் சுற்றில் முதலிடம் பெற்ற சென்னை அணி, அரையிறுதியில் கேரள அணியைச் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் மூன்று கோல்கள் வாங்கித் தோற்றது. இரண்டாம் ஆட்டத்தில் அதே மூன்று கோல்களைத் திருப்பி அடித்தது. ஆனால், கூடுதல் நேரத்தின் முடிவில் கேரளம் ஒரு கோல் அடித்துவிட்டது. மறுநாள் காலையில் கடைக்கு முன்னே நின்ற லாரிகளின் ஊதல் ஒலி வழக்கத்தைவிட நீண்டு ஒலித்தது.

அடுத்த ஆண்டு, 2015. லீக் ஆட்டங்கள் பாதிக்கு மேல் முடிந்த பொழுது சென்னை அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பின்னர் விழித்தெழுந்தது போல இறுதி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்றது. அப்பொழுதுதான் டிசம்பர்த் தொடக்கத்தில் பெருமழை பெய்து சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. சொந்தத் திடலில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. தென்காசிக் கடைக்காரர் அந்நாட்களில் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சென்னைக்கு அனுப்புவதற்காக ஊரார் சேர்த்த அரிசியையும் பருப்பையும் மூட்டை கட்டுவதில் முனைந்திருந்தார். புனேயில் சென்னை அணி மூன்று கோல்களால் வென்றது என்ற செய்தி வந்தபொழுதும் அவர் கையில் கோணி ஊசி இருந்தது.

டிசம்பர் 20ஆம் நாள் கோவாவில் இறுதி ஆட்டம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த நிலையில், கோவா அணி இரண்டுக்கு ஒன்று என்று முந்திவிட்டது. பலர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றனர். கடைக்காரர் நிறுத்தவில்லை. தொண்ணூறாவது நிமிடத்தில் கோவா அணியின் கோல் காப்பாளர் மேல் பட்டுப் பந்து உள்ளே சென்றது. சிறிது நேரத்தில் மெண்டோசா என்னும் கொலம்பிய வீரர் வெற்றிக் கோலை அடித்தார். வெள்ளத்தில் வீடிழந்தோர்க்கு ஒரு கோல் வீடு கட்டித் தராது. ஆயினும், துயருற்ற நகரம் ஓர் இரவு மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சியில் பங்கு கொள்ளும் உரிமை, இறுதிவரை விழித்திருந்தவர்க்கு மிகுதியாகவே இருந்தது.

ஏற்றத்தின் பின் இறக்கம் வந்தது. 2016இல் எட்டு அணிகளுள் ஏழாம் இடம். மீண்டும் 2018ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் பெங்களூரு அணியை அதன் சொந்தத் திடலிலேயே மூன்றுக்கு இரண்டு என்று வென்று, சென்னை அணி இரண்டாம் முறை கோப்பையைப் பெற்றது. அன்று கடைக்கு வந்த குழந்தைகளுக்கெல்லாம் கடலை மிட்டாய் கிடைத்தது. கோப்பை பெற்ற அணி அதற்கடுத்த பருவத்தில் என்ன ஆயிற்று? பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள்; பதின்மூன்று தோல்விகள்; மொத்தம் ஒன்பது புள்ளிகள்; பத்து அணிகளுள் பத்தாம் இடம்.

அந்தப் பருவத்திலும் அவர் இருமுறை பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்குச் சென்றார். இரண்டு நாள் வணிகம் கெட்டது. பயணச் செலவும் ஆயிற்று. இருமுறையும் தோல்வியைக் கண்டு திரும்பினார். வீட்டில் மனைவி கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பேசியவன் அவருடைய தங்கை மகன். கல்லூரியில் படிக்கும் அவன் மாலையில் கடைக்கு வந்து உதவி செய்வான். அவனுக்கும் கால்பந்தில் விருப்பம் உண்டு. ஆனால், அவன் விரும்பியவை ஐரோப்பாவின் பெரிய அணிகள். ஓர் அணி தோற்கத் தொடங்கினால் மற்றோர் அணியைப் பற்றிப் பேசுவான்.

"மாமா, பத்துப் பேரில் பத்தாவது இடம்! இன்னும் எதற்கு இந்தச் சட்டையை மாட்டி வைத்திருக்கிறீர்கள்? வெற்றி பெறும் அணியைப் பார்த்து மகிழக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டான்.

அவர் உடனே விடை கூறவில்லை. கடையை அடைத்த பின், அவனை அழைத்துக்கொண்டு கோயில் வாசலுக்குச் சென்றார். ஒன்பது நிலைக் கோபுரம் மாலை ஒளியில் வானளாவ நின்றது.

"மருமகனே, இந்தக் கோபுரத்தை நீ பிறந்தது முதல் பார்க்கிறாய். நான் உன் வயதில் இருந்தபொழுது இது இப்படி இல்லை. மேல்நிலைகள் சிதைந்து மொட்டையாக நின்றது. என் தந்தையும் அவர் தந்தையும் அப்படித்தான் கண்டார்கள். 1990இல்தான் இது மீண்டும் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த ஊரார் கோபுரம் உள்ள வேறு கோயிலுக்கா போய்விட்டார்கள்? நாள்தோறும் இந்த வாசலில்தானே விளக்கேற்றினார்கள்?" என்றார் அவர்.

இக்கோயிலைப் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். வருங்காலத்தில் இதற்குக் குறை நேர்ந்தால் அதனைச் சீர்செய்பவர் எவரோ, அவர் அடியை இப்பொழுதே வணங்குகிறேன் என்று அவன் கல்லில் பொறித்து வைத்தான். மன்னனே வீழ்ச்சியை எதிர்பார்த்தான்; வீழ்ச்சியிலும் விட்டுப்போகாத மக்களை நம்பினான். இளைஞன் அக்கல்வெட்டைப் பலமுறை கடந்து சென்றிருந்தான்; அன்றுதான் நின்று பார்த்தான். ஆயினும், "கோயிலும் கால்பந்தும் ஒன்றா, மாமா?" என்று சொல்லிச் சிரித்தான். "ஒன்றல்ல. பற்று ஒன்றுதான்" என்றார் அவர்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் புதிய பயிற்சியாளர் ஓவன் காயில் வந்தார். கீழே கிடந்த அணி படிப்படியாக ஏறி மீண்டும் இறுதி ஆட்டத்தை அடைந்தது. ஆட்டம் 2020 மார்ச்சு 14ஆம் நாள், கோவாவில். இறுதி ஆட்டம் ஒன்றை நேரில் காண வேண்டும் என்பது கடைக்காரரின் நெடுநாள் ஆசை. இம்முறை மனைவியே உண்டியலைத் திறந்து பணம் எடுத்துக் கொடுத்தார். பயணச் சீட்டும் ஆயிற்று. அந்நேரத்தில் பெருந்தொற்று நாட்டுக்குள் புகுந்தது. பார்வையாளர் இன்றியே ஆட்டம் நடைபெறும் என்ற அறிவிப்பு வந்தது.

அவர் வீட்டிலிருந்தே அந்த ஆட்டத்தைக் கண்டார். பல்லாயிரம் இருக்கைகளும் வெறுமையாக இருந்தன. வீரர் ஒருவரை ஒருவர் கூவி அழைக்கும் குரலும், பந்து உதைபடும் ஓசையும் தனித்துக் கேட்டன. சென்னை அணி ஒரே ஒரு கோல் அடித்தபொழுது ஆர்ப்பரிப்பார் எவரும் இல்லை. மூன்றுக்கு ஒன்று என்று கொல்கத்தா அணி வென்றது. வென்றவர்கள் வெறுமையான இருக்கைகளை நோக்கிக் கோப்பையை உயர்த்தினார்கள். தோற்ற வருத்தத்தைவிட அந்தக் காட்சியே அவரை மிகவும் வருத்தியது.

அவ்வாண்டு ஆனியும் ஆடியும் வந்தன. பொதிகைத் தென்றலோடு சாரல் பெய்தது. திரிகூட மலையில் சிற்றாறு பெருகிற்று. ஆனால், குற்றால அருவிகளில் நீராடத் தடை. சாரல் காலத்தை நம்பி வாழ்பவை குற்றாலத்துக் கடைகள். அவற்றுக்கு எண்ணெயும் பருப்பும் கொடுத்து வந்தவர் அவர். நிலுவைக் கணக்கைப் பற்றிப் பேசி வருவதற்காக ஒரு நாள் சென்றவர், தொலைவில் நின்று பேரருவியைப் பார்த்தார். மேலிருந்து வீழ்ந்த நீர் பொங்குமாகடலில் தங்கி, மீண்டும் பொங்கிப் பரந்து இறங்கியது. அதன் அடியில் ஓர் ஆளும் இல்லை. அருவி அதற்காக ஒரு துளியும் குறையவில்லை. மனிதர் வந்தாலும் வாராவிட்டாலும் அது வீழும்.

அருவிக்கு நீராடுவோர் வேண்டுவதில்லை. ஆட்டத்திற்கோ காண்போர் வேண்டும். அவருக்கு அது அன்று விளங்கிற்று. இத்தனை ஆண்டுகளாகத் தாம் அணியிடமிருந்து ஏதோ ஒன்றைப் பெறுவதாகவே அவர் எண்ணியிருந்தார். தாமும் அதற்கு ஏதோ ஒன்றைக் கொடுத்து வந்ததை வெற்றிருக்கைகள் கற்பித்தன.

சென்னைத் திடலின் வாயில்கள் மக்களுக்கு மீண்டும் திறக்க 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆயிற்று. 14ஆம் நாள் பெங்களூரு அணியோடு ஆட்டம். பொதிகை வண்டியில் இம்முறை இருவர் சென்றனர். மருமகன் ஒரு நீலச் சட்டையைத் தானே வாங்கி அணிந்திருந்தான். அதைப்பற்றி மாமா ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இருவர் தொண்டையும் கட்டிப் போயிருந்தது.

அந்தப் பருவத்தில் அணிக்கு எட்டாம் இடம். அதற்கடுத்து ஆறாம் இடம். 2024–25 பருவத்தில் பதின்மூன்று அணிகளுள் பதினோராம் இடம். கடைச் சுவரில் ஆண்டுதோறும் நாட்காட்டி மாறுகிறது. பக்கத்தில் தொங்கும் சட்டை மாறவில்லை. துவைத்துத் துவைத்து அதன் நீலம் சற்றே வெளுத்திருக்கிறது. வெற்றியில் கூடுவோர் பலர். வீழ்ந்த வேளையில் விலகாமல் நிற்பவர் சிலர். அந்தச் சிலர் இருப்பதனாலேயே வீழ்ந்தவை மீண்டும் எழுகின்றன.